மேலுலகத்தில் வேறு வைப்பார்களா?

முகப்புத் திண்ணை: வாசகர் கேள்விகளுக்கு ஆச்சியின் பதில்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த கதையைப் போன இதழில் நாலு வரி எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மார்மன்கள் என்று ஒரு வார்த்தை விட்டேன், அவ்வளவுதான். அங்கத்து மலையையும் பனியையும் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை, வந்த கடிதம் அத்தனையும் பலதார மணம். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

ஆச்சி, என் மகளுக்கு யூட்டாவுக்கு வேலை மாற்றலாகியிருக்கிறது. அங்கே ஆம்பளைக்கு மூணு நாலு பெண்டாட்டியாம் என்று எங்கள் வீட்டு அயித்தை பயமுறுத்துகிறார். மருமகன் வேறு அதைக் கேட்டுச் சிரிக்கிறார். அனுப்பலாமா?
– ஒரு தாய், தேவகோட்டை

தாராளமாக அனுப்புங்கள். உங்கள் அயித்தை சொல்வது நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய செய்தி. (மருமகன் எதற்குச் சிரிக்கிறார் என்பதை மட்டும் மகள் விசாரித்துக்கொள்ளட்டும்.)

மார்மன்கள் என்று நாம் சொல்கிற சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. செல்லப்பெயர் வேண்டாம், முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-ல் அதன் தலைவர் கேட்டுக்கொண்டார். நம் வாசகர்களுக்குப் பழகின பெயர் என்பதால் நான் மார்மன் என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சபையில் இன்றைக்கு ஒருவர் இரண்டாவது மனைவியோடு குடும்பம் நடத்துவது தெரிந்தால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். பலதார மணத்தைச் சட்டமே அனுமதிக்கிற நாடுகளிலும் இதே விதிதான். இரண்டு மனைவி உள்ளவர் சேர வந்தால், முதலில் அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டு வா என்பார்கள், அதுவரை ஞானஸ்நானம் கிடையாது.

மக்கள் மனசும் அப்படித்தான் இருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2011-ல் அமெரிக்க மார்மன்களிடம் கேட்டபோது, பலதார மணம் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று சொன்னவர்கள் 100-க்கு 86 பேர். கல்யாணம் ஆகாதவர்கள் உறவு வைத்துக்கொள்வது தவறு என்றவர்களே 79 பேர்தான், அதைவிட இதற்குத்தான் அதிகம் முகம் சுளிக்கிறார்கள். என் மகன் இருப்பது லீஹை என்ற ஊரில், சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே. முன்னும் பின்னும் மார்மன் வீடுகள், வீட்டுக்கு நாலு பிள்ளை, ஒரே ஒரு அம்மா. பனி பெய்தால் நம் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகிற ஜனங்கள். அவர்கள் டீ, காபி தொடமாட்டார்கள் என்பது ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. காலையில் நான் டபராவை ஆற்றும் சத்தம் அந்தத் தெருவுக்கே தனியாகக் கேட்டிருக்கும்.

பலதார மணத்தைக் கடவுள் சொன்னதால் நிறுத்தினார்களா, அரசாங்கம் நெருக்கியதால் நிறுத்தினார்களா?
– வரலாறு மாணவர், காரைக்குடி

நல்ல கேள்வி தம்பி. இரண்டும் என்பதுதான் பதில், ஆனால் எது முன்னால் வந்தது என்று பார்க்கவேண்டும்.

ஜோசப் ஸ்மித் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் சபையைத் தொடங்கினார். பலதார மணம் பற்றிக் கடவுள் தனக்குச் சொன்னதாக அவர் சொன்ன வெளிப்பாடு எழுத்தில் பதிவானது 1843-ல், அதற்கு முன்பே அவர் ரகசியமாகப் பல பெண்களை மணந்திருந்தார். 30-லிருந்து 40 பேர் வரை இருக்கலாம் என்ற கணக்கைச் சபையே 2014-ல் தன் கட்டுரையில் ஒப்புக்கொண்டது, அவர்களில் ஒரு பெண்ணுக்கு 15 வயது நிறையச் சில மாதங்கள் பாக்கி என்பதையும் சேர்த்து. அந்தக் கட்டுரை வந்தபோது பிறந்ததிலிருந்து சபையில் இருந்தவர்களே ஆடிப்போனார்கள். ஸ்தாபகருக்கு ஒரே மனைவி எம்மா என்றே அவர்களில் பலர் நினைத்திருந்தார்கள். எம்மா ஒரு சமயம் இதற்கு ஒத்துக்கொண்டதும் மறு சமயம் எதிர்த்ததுமாக இருந்தார், அது தனிக் கதை.

1844-ல் ஜோசப் ஸ்மித்தைச் சிறையிலேயே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகாம் யங் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு 1847-ல் யூட்டா பாலைவனத்துக்குப் போனார், 1852-ல் ஊரறிய அறிவித்தார்கள், ஆமாம், எங்களிடம் பலதார மணம் உண்டு என்று. அவருக்கே ஐம்பதுக்கு மேல் மனைவியர். ஆனால் பலதார மணம் செய்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இரண்டு மனைவிதான், ஊரே அந்தப்புரம் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

வாஷிங்டன் விடவில்லை. 1862-ல் ஒரு சட்டம், 1882-ல் அதைவிடக் கடுமையாக ஒன்று. நடுவில் 1879-ல், பிரிகாம் யங்கிடம் செயலராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நம்பிக்கையில் சட்டம் கை வைக்காது, நடத்தையில் வைக்கும். அதற்கு நீதிபதிகள் காட்டிய உதாரணத்தைக் கேட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். கணவன் சிதையில் விழுவது தன் மதக் கடமை என்று ஒரு மனைவி நம்பினால் அரசாங்கம் தடுக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நம் ஊர் உடன்கட்டையை எடுத்து யூட்டாக்காரர் தலையில் போட்டார்கள்.

பிறகு 1887-ல் வந்த சட்டம் சபையைச் சட்டப்படி கலைத்தது, 50,000 டாலருக்கு மேற்பட்ட சொத்தைப் பறிமுதல் செய்யலாம் என்றது. பெரியவர்கள் பலர் ஜெயிலில், பலர் தலைமறைவு. 1890-ல் அப்போதைய தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் ஓர் அறிக்கை விட்டார், இனி நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்று. இதை நிறுத்தாவிட்டால் ஆலயங்கள் எல்லாம் கையை விட்டுப் போய்விடும் என்று ஆண்டவர் தனக்குத் தரிசனத்தில் காட்டினார் என்றார். ஆறு வருஷத்தில், 1896-ல், யூட்டாவுக்கு மாநில அந்தஸ்து கிடைத்தது, பலதார மணம் என்றென்றைக்கும் தடை என்று அரசியல் சட்டத்தில் எழுதிக் கொடுத்த பிறகு.

அதோடு முடிந்ததா? இல்லை. மெக்சிகோவிலும் கனடாவிலும், சில இடங்களில் யூட்டாவிலேயும், கமுக்கமாகக் கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. 2012-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றாரே மிட் ராம்னி, அவருடைய அப்பா மெக்சிகோவில் பிறந்ததே, பாட்டனுக்கு அப்பன் பல மனைவியரோடு அங்கே குடியேறியதால்தான். 1904-ல் இரண்டாவது அறிக்கை, இனி செய்தால் நீக்கம் என்று. நிஜமாக நின்றது அதற்கு அப்புறம்தான் என்பேன் நான். விசுவாசிகள் 1890-ஐத்தான் சொல்வார்கள், பரீட்சையில் நீயும் அதையே எழுது.

அந்தக் காலத்துப் பெண்கள் எப்படித்தான் ஒத்துக்கொண்டார்களோ! வாயில்லாப் பூச்சிகளா?
– வாசகி, புதுவயல்

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். யூட்டாப் பெண்களுக்கு 1870-லேயே ஓட்டுரிமை இருந்தது. பெண்களிடம் ஓட்டைக் கொடுத்தால் அவர்களே இந்த வழக்கத்தைத் தூக்கி எறிவார்கள் என்று வெளியில் சிலர் கணக்குப் போட்டார்கள். பெண்களோ தங்கள் சபைக்கே ஓட்டுப் போட்டார்கள். அந்த 1887 சட்டம் சொத்தோடு சேர்த்து அவர்களுடைய ஓட்டையும் பிடுங்கிக்கொண்டது. விடுவிக்க வந்தவர்கள் செய்த வேலை அது.

மார்த்தா ஹியூஸ் கேனன் என்று ஒரு டாக்டரம்மா இருந்தார், ஒருவருக்கு நாலாவது மனைவி. 1896-ல் மாநில செனட் தேர்தலில் அவர் ஒரு கட்சி, கணவர் எதிர்க்கட்சி. அம்மா ஜெயித்தார், ஐயா தோற்றார். அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் அவர். அன்று ராத்திரி அந்த வீட்டில் சாப்பாடு யார் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

அதற்காக எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொல்லவில்லை. கடவுள் சொன்னார் என்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பலர் விவாகரத்து வாங்கிப் போனார்கள், கேட்டால் சபையும் கொடுத்தது.

முருகனுக்கே வள்ளி, தெய்வானை. நம் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இரண்டு குடும்பம்! அடுத்தவனை எதற்குப் பேசவேண்டும்?
– ஓய்வு பெற்ற கணக்காளர், பள்ளத்தூர்

அண்ணனுக்குக் குன்றக்குடி பக்கம் என்பது தெரிகிறது. யாரையும் ஏசுவதற்காக இதை எழுதவில்லை அண்ணன். கேட்டார்கள், சொல்கிறேன்.

நம் ஊர்க் கதையும் மறைக்கக்கூடியதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருஷக் கணக்குக்குப் போனார்கள். போன இடத்தில் சிலருக்கு இன்னொரு அடுப்பு எரிந்தது, ஊருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். பிள்ளையில்லாத வீட்டில் ஒன்று பிள்ளை கூட்டிக்கொள்வார்கள், இல்லையென்றால் இளையாள் வருவாள். சென்னை மாகாணத்தில் 1949-ல் சட்டம் போட்டு இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்தார்கள், 1955-ல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுக்க அதையே சொன்னது. இன்றைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை ஜெயில். ரெண்டு பெண்டாட்டிக்காரனுக்குக் கொண்டை எதற்கு என்ற பழமொழி சட்டத்துக்கெல்லாம் மூத்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பெரியவர்கள் ஆசைக்கோ வாரிசுக்கோ செய்தார்கள், எந்த நகரத்தாரும் இரண்டாவது கல்யாணம் செய்தால்தான் மோட்சம் என்று சொன்னதில்லை. மார்மன் பெரியவர்கள் அந்த நாளில் ஏறக்குறைய அப்படித்தான் போதித்தார்கள். கொள்கையாகச் சொன்னதைக் கைவிடுவது, பழக்கமாக இருந்ததைக் கைவிடுவதைவிடக் கஷ்டம். அடுத்த கடிதம் அங்கேதான் போகிறது.

நான் இரண்டாம் தாரம். மூத்தவர் காலமாகி மூன்று வருஷம் கழித்து என்னைக் கட்டினார். மார்மன்களுக்கு மனைவி செத்துப்போய் மறுமணம் செய்தால் சொர்க்கத்தில் இரண்டு மனைவியாமே, மெய்யா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், கோட்டையூர்

சிரிக்கவில்லை தாயி. வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மார்மன் ஆலயத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. சாகும்வரை என்பதல்ல, செத்த பிறகும் எந்நாளும் கணவன் மனைவி. இதை அவர்கள் சீலிங் என்பார்கள், முத்திரை வைப்பது என்று அர்த்தம். பக்கத்து வீட்டம்மா முதலில் இந்த வார்த்தையைச் சொன்னபோது நான் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தேன். மனைவியை இழந்த ஆண் மறுபடியும் ஆலயத்தில் இன்னொரு பெண்ணோடு முத்திரை பெறலாம். முதல் முத்திரை அழியாது, ஆக அவருக்கு மறுமையில் இரண்டு மனைவியர். கணவனை இழந்த பெண் உயிரோடு இருக்கும்வரை அப்படி இரண்டாவது முத்திரை பெற முடியாது. முதல் முத்திரையை ரத்து செய்யவேண்டும், இல்லையென்றால் இரண்டாவது கல்யாணம் இந்த ஆயுளுக்கு மட்டும். அவளும் செத்துப்போன பிறகு, அவள் வாழ்ந்த கணவர்கள் எல்லோரோடும் அவளுக்கு முத்திரை வைக்கலாம், அப்புறம் மேலே ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

இது ஏதோ மூலையில் நடப்பதல்ல. சமீபத் தலைவர்களான ரஸ்ஸல் நெல்சன், டாலின் ஓக்ஸ் இருவருமே முதல் மனைவி இறந்தபின் ஆலயத்தில் மறுமணம் செய்தவர்கள். 2019 அக்டோபர் மாநாட்டில் ஓக்ஸ் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னார். மனைவியை இழந்த ஒருவரை ஆலயத்தில் மணக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுதியது. மறுமையில் எனக்கென்று தனி வீடு இருக்குமா, இல்லை அவரோடும் அவருடைய முதல் மனைவியோடும் ஒரே வீட்டில் இருக்கவேண்டுமா? ஆண்டவரை நம்பு என்று மட்டும் பதில் சொன்னாராம்.

நம் ஊர் பாஷையில் சொன்னால் அந்தப் பெண் கேட்டது, மேலுலகத்தில் வேறு வைப்பார்களா என்பதுதான். கல்யாணமான புள்ளிக்கு, அதாவது தம்பதிக்கு, வளவில் ஓர் அறை, தனி அடுப்பு, பாத்திரம் பண்டம் என்று வேறு வைக்கிற வழக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சமும் வேடிக்கையாகப் படவில்லை. அதைவிட நியாயமான கேள்வியை ஒரு பெண் கேட்க முடியாது. ஆண்டவரை நம்பு என்பது பதிலா என்று கேட்டால், என் மட்டில் இல்லை.

இதனால்தான், மார்மன்கள் பலதார மணத்தை விட்டுவிட்டார்களா என்று யாராவது கேட்டால், பூமியில் விட்டுவிட்டார்கள், ஏட்டில் இன்னும் விடவில்லை என்று சொல்கிறேன். 1843-ல் எழுதிய அந்த வெளிப்பாடு இன்றும் அவர்கள் வேதத்தில் 132-ஆம் அதிகாரமாக இருக்கிறது. மார்மன் நூல் என்கிற அவர்களுடைய இன்னொரு வேதத்திலோ ஆணுக்கு ஒரு மனைவிதான் விதி, ஆண்டவர் தனியாகக் கட்டளையிட்டால் ஒழிய என்று இருக்கிறது. அந்த 'ஒழிய' போதுமே. மோட்சத்துக்குப் பலதார மணம் வேண்டும் என்று சபை இப்போது போதிப்பதில்லை. ஆனால் பக்கத்து வீட்டம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார், அவர் எனக்கு முன்னால் போனால் தாங்கிக்கொள்வேன், நான் முன்னால் போனால் இன்னொருத்தியையும் முத்திரை செய்துகொள்வாரே, அது ராத்திரியில் நினைப்பு வருகிறது என்று. கணவர் நல்ல மனுஷர், அப்படி ஒரு எண்ணமே அவருக்கு இல்லை. இருந்தும் அந்தம்மா ஐம்பது வருஷமாக இதைச் சுமக்கிறார். 86 பேர் தவறு என்று சொன்ன கணக்கில் இந்த மாதிரி ராத்திரிகள் வராது.

உங்கள் கடிதத்தின் அடியில் கேட்காமல் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பத்தாவும் இளையாள்தான். மூத்தவருக்குப் பிள்ளையில்லை என்று கட்டிக்கொண்டு வந்தது, இருவரும் ஒரே வளவில் எதிரெதிர் அறையில் இருபது வருஷம் இருந்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் முன்னோருக்கு வைக்கும் படைப்பில் இருவருக்கும் சேலை வைக்கிறோம், ஒரே விலை, வேறு வேறு நிறம். ஒரே நிறத்தில் வைத்தால் அப்பத்தா ஏற்கமாட்டாள் என்று எங்கள் அப்பச்சி சொல்லிவைத்திருக்கிறார். மூத்தவர் படத்துக்கு நீங்கள் பூப்போடுவதில் உங்களுக்கு ஒன்றும் குறைந்துபோகாது தாயி, போட மனசில்லாத நாளில் போடாமல் இருந்தாலும் குற்றமில்லை.

டிவியில் ஒரே ஆளோடு நாலு மனைவியைக் காட்டுகிறார்களே, அது பொய்யா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பொய்யில்லை, அவர்கள் வேறு. 1890 அறிக்கையை ஏற்காமல் பிரிந்து போன சின்னச் சின்னக் கூட்டங்கள் உண்டு, அடிப்படைவாத மார்மன்கள் என்று பெயர். பெரிய சபைக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நீ பார்க்கிற தொடர் 2010-ல் ஆரம்பித்ததாக இருந்தால், அந்த நாலு பேரில் மூன்று பேர் இப்போது அவரை விட்டுப் போய்விட்டார்கள்.

கேமராவுக்குச் சிரிக்காத பக்கமும் உண்டு. அந்தக் கூட்டங்களில் ஒன்றின் தலைவர் வாரன் ஜெஃப்ஸ், சிறுமிகளைக் கல்யாணம் என்ற பெயரில் சீரழித்ததற்காக 2011-ல் டெக்சாஸில் ஆயுள் தண்டனை பெற்றார். போலீஸுக்குப் பயந்து ஒளிந்து வாழ்வதால்தான் இப்படிப்பட்டவர்களிடம் மாட்டிய பெண்கள் வெளியே வந்து சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்று வாதம் எழுந்தது. 2020-ல் யூட்டா சட்டத்தைத் திருத்தியது. வயது வந்தவர்கள் மனசொப்பிச் சேர்ந்து வாழ்ந்தால் இனி டிராஃபிக் அபராதம் மாதிரி ஒரு சின்னக் குற்றம், மிரட்டலோ மோசடியோ இருந்தால் பழையபடி கடும் தண்டனை. சரியான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் மகன் ஒத்துக்கொள்ளவில்லை, விமானம் ஏறும்வரை சண்டை போட்டோம்.

என் மருமகளோடு ஆபீஸில் இரண்டு மார்மன்கள் வேலை செய்கிறார்களாம். இதையெல்லாம் அவர்களிடமே கேட்கலாமா, கோபித்துக்கொள்வார்களா?
– வாசகி, கானாடுகாத்தான்

உனக்கு எத்தனை பெண்டாட்டி என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? அந்த ஜோக்கைப் பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்தவர்கள்.

பாட்டன் பூட்டன் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். வம்சாவளி எழுதி வைப்பதில் நம் ஆட்களையே தோற்கடித்துவிடுவார்கள், மலையைக் குடைந்து அறை கட்டி அதில் சுருள் சுருளாகப் பதிவேடுகளை வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா சாப்பாட்டு மேஜை நிறைய ஒரு தாளை விரித்து, இவர் என் கொள்ளுப்பாட்டன், இது மூத்தாள், இது ரெண்டாவது, நான் ரெண்டாவது வழி என்று விரலை வைத்துக் காட்டினார். பெருமையும் சங்கடமும் சேர்ந்த முகம். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூத்தாளுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டேன். அப்புறம் ரெண்டு மணி நேரம் அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் டீ போடவேண்டாம். சுக்குமல்லி கொடுக்கலாம், டீத்தூள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். வெள்ளைப் பணியாரம் என்றால் தட்டு காலியாகும், வரமிளகாய்த் துவையலை மட்டும் தள்ளி வையுங்கள்.